கெலிஓயா வீட்டுக்கு ஆள் தேவை

தோஹா
3.3.2024

அன்புள்ள சுதாவுக்கு,

இங்கே கட்டாரில் நானும் என் முதுகுவலியும் சுகம். போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறானே என்று பயந்துவிடாதே. நம் தோட்டத்து லயத்தில் ஒரு காம்பிராவில் போன் பேசினால், ஒட்டியிருக்கும் பத்துக் காம்பிராவுக்கும் கேட்கும். இது வெளியே போகக் கூடாத சங்கதி.

கெலிஓயாவில் ஒரு வீடு விலைக்கு வருகிறது. புது வீடு. பெயின்ட் அடித்து, ஃபேன் மாட்டி, உள்ளே வாடகைக்கு ஆளையும் வைத்தே விற்கிறார்கள். உறுதி எழுதிய மறுமாதமே வாடகை நம் கைக்கு வரும். புரோக்கர் ரிஸ்மி நானா வீடியோ அனுப்பியிருந்தார். கூட இருக்கும் பையன்கள் பார்த்துவிட்டு, "அடேய் சுமன், நீ தொரையாகிட்டடா" என்று ஒரே கேலி. பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து தோட்டக் கம்பெனிக் கூரைக்குக் கீழே கிடந்த குடும்பம் நம்முடையது, சுதா. உறுதிப் பத்திரத்தில் பெயர் வரப்போகும் முதல் ஆள் நான்.

நீ ஒரு நடை போய்ப் பார்த்து எழுது. சொல்லிவிட்டுப் போ. சொந்தக்காரராகவே இருந்தாலும், ஆள் குடியிருக்கும் வீட்டுக்குள் சொல்லாமல் நுழைவது முறையில்லை.

உன் அன்புக் கணவன்
சுமன்

*

மடுல்கெல்ல
24.3.2024

அன்புள்ள மச்சானுக்கு,

முதலில் உங்கள் முதுகுவலியை விசாரித்ததாகச் சொல்லுங்கள். நீங்கள் அதைக் கவனிக்காவிட்டாலும் அது உங்களை விடாமல் கவனித்துக்கொள்கிறது போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போனேன். நல்ல மழை. ரிஸ்மி நானா குடையோடு நின்றார். "வெயில் நாளையில வந்திருந்தா வடிவா பார்த்திருக்கலாமே தங்கச்சி" என்று ஒரே வருத்தம். வாடகைக்கு இருப்பவர் ருஷ்தா டீச்சர். தங்கமான மனுஷி. டீயும் பணிஸும் கொடுத்தார். ரிஸ்மி நானா போன் பேச வெளியே போன நேரம் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "மழ பேஞ்சா குசினிச் சொவருல தண்ணி எறங்குது. நான் சென்னேண்டு செல்ல வாணாம்." தான் சொன்னதாக யாரிடமும் சொல்ல வேண்டாமாம். சமையலறைச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். பெயின்ட்டுக்கு அடியில் சில்லென்று ஈரம். காசு கொடுப்பதற்கு முன்னால் அதைத் திருத்தித் தரச் சொல்லுங்கள்.

மற்றபடி எனக்கு வீடு ரொம்பப் பிடித்துவிட்டது. குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு சும்மா நின்றேன். வெளியே வாளியோடு யாரும் காத்திருக்கவில்லை. சின்ன அறையைச் சேலைத் தலைப்பால் அளந்தேன். நம் பிள்ளை அனுஷியாவுக்கு ஒரு மேசை சன்னலோரம் போடலாம். டீச்சரின் வாடகைத் தவணை முடிந்ததும் நாம் போய்விடலாம்தானே? பொங்கலோடு நீங்களும் வந்துவிடுவீர்கள்.

உங்கள்
சுதர்சினி

*

தோஹா
2.6.2024

அன்புள்ள சுதாவுக்கு,

உறுதி எழுதியாகிவிட்டது. வீடு இனி நம்முடையது. சுவர் ஈரத்தைப் பற்றி ரிஸ்மி நானாவிடம் கேட்டேன். புது வீடு, சீமெந்து காயும் மட்டும் அப்படித்தான் இருக்குமாம். இன்னொருவர் முற்பணத்தோடு நிற்கிறார் என்றார். விட்டுவிட மனம் வரவில்லை.

கோபித்துக்கொள்ளாதே. வங்கிக் கடனுக்காக இங்கே இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பொங்கலுக்கு வர முடியாது. உன்னிடம் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய். அதனால்தான் கேட்கவில்லை.

அந்த வீடு நாம் இருப்பதற்கு இல்லை, சுதா. நாம் குடிபோனால் வாடகை எங்கிருந்து வரும்? அம்மாவும் வேலையிலிருந்து நின்றுவிட்டார். செக்ரோல் பதிவேட்டில் வேலையாளாக உன் பெயர் இருக்கும் வரைதான் தோட்டத்தில் நமக்குக் காம்பிரா. தேயிலைக் கொழுந்து பறிக்கிற வேலையை மட்டும் விட்டுவிடாதே. கொஞ்சக் காலம் பல்லைக் கடித்துக்கொண்டு இரு.

வாடகைக்கு யார் வந்தாலும் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடு.

சுமன்

*

மடுல்கெல்ல
20.10.2024

அன்புள்ள மச்சானுக்கு,

ருஷ்தா டீச்சர் போய்விட்டார். குசினிச் சுவர் கறுத்து, சமைக்கவே முடியாத அளவுக்கு நாற்றம். "ஓனர் கட்டார்ல, தண்ணி குசினியில. நான் ஆருக்கிட்ட போய் செல்ற?" என்று சாவியை என் கையில் வைத்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர் போய் இரண்டு மாதமாகிறது. அந்தச் சாவியைத் தாலிக்கொடியில் கோத்துக்கொண்டுதான் கொழுந்து பறிக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் மாறி மாறிப் போய், சன்னலைத் திறந்து, கூட்டித் துடைத்து, கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்திருப்பேன். பிறகு பூட்டிவிட்டு வருவேன். இங்கே நம் காம்பிராத் தகரம் ஒழுகுகிறது. அனுஷியா மேசைக்கு அடியில் உட்கார்ந்து பாடம் எழுதுகிறாள். காலியாகக் கிடக்கிற வீட்டைத் துடைத்துவிட்டு ஒழுகுகிற வீட்டுக்குத் திரும்பி வருகிற பைத்தியம் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அத்தைகூடக் கேட்டுவிட்டார்: "யாருக்குடி அந்த வீட்டக் காவல் காக்குற?"

எனக்கு மூச்சு முட்டுகிறது மச்சான். நான் உங்களிடம் நகை கேட்டதில்லை, நல்ல சேலை கேட்டதில்லை. எங்களை அங்கே போக விடுங்கள்.

சுதர்சினி

*

தோஹா
17.11.2024

சுதாவுக்கு,

உன் கடிதத்தை மேல்கட்டிலில் படுத்துக்கொண்டு படித்தேன். நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை இடிக்கும். மூச்சு முட்டுவது உனக்கு மட்டுமில்லை.

நினைத்தால் வந்துவிட முடியாது. பாஸ்போர்ட் முதலாளியிடம் இருக்கிறது. வீடு பூட்டிக் கிடக்கும் ஒவ்வொரு மாதமும் தவணை கட்டுவதற்கு நான் இரண்டு பேர் வேலை செய்கிறேன். நீங்கள் போய் இருந்தால் அந்தக் காசை யார் தருவார்? முடியாது, சுதா. திரும்பக் கேட்காதே.

உடனே ஆள் பிடி. சாதி, மதம், ஊர் எதையும் பார்க்காதே. வாடகையைத் தவறாமல் கட்டுகிற ஆளாக இருந்தால் சரி. இவ்வளவு தூரத்திலிருந்து எனக்கு ஆள் பார்க்கத் தெரியாது. நீயே முடிவு செய். நான் மறுபேச்சுப் பேச மாட்டேன்.

சுமன்

*

கெலிஓயா
2.2.2025

மதிப்புக்குரிய வீட்டுச் சொந்தக்காரருக்கு,

உங்கள் வீட்டுக்கு ஆள் கிடைத்துவிட்டது. ஒரு பெண், அவளுடைய மகள், மாமியார். சத்தம் போடாத குடும்பம். ருஷ்தா டீச்சர் சொல்லி, அந்தப் பெண்ணுக்கு இங்கே ஒரு தையல் கடையில் வேலை கிடைத்திருக்கிறது. முதல் மாத வாடகையை உங்கள் கணக்கில் போட்டாயிற்று. மறுபேச்சுப் பேச மாட்டேன் என்று நீங்கள் எழுதிய கடிதம் அவளிடம் பத்திரமாக இருக்கிறது.

யாரென்று இந்நேரம் விளங்கியிருக்கும்.

பொங்கல் கழித்து தோட்டத்து ஆபீசில் செக்ரோலிலிருந்து என் பெயரை வெட்டச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். காம்பிராவும் போய்விட்டது. அத்தை வர மாட்டார் என்றுதான் நினைத்தேன். சாமான் ஏற்றிய லொறியில் எனக்கு முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டு, "அவன் கேட்டா நான் சொல்லிக்கிறேன். நீ ஏறு" என்றார். அனுஷியா தன் அறைக் கதவைச் சாத்துவதும் திறப்பதுமாகவே முதல் நாளைக் கழித்தாள்.

பயமாகத்தான் இருக்கிறது. என் தையல் கூலியும் அத்தைக்கு வேலையிலிருந்து நின்றபோது கிடைத்த ஈபிஎப் காசும் எத்தனை மாதத்துக்குத் தாங்கும் என்று தெரியாது. கட்ட முடியாத மாதம் எங்களை வெளியேற்றுங்கள். ஆனால் வந்து வெளியேற்றுங்கள்.

குசினிச் சுவரில் இன்னும் தண்ணீர் இறங்குகிறது. திருத்தித் தருவது சொந்தக்காரரின் பொறுப்பு. வருவதானால் முன்கூட்டியே சொல்லிவிட்டு வாருங்கள். ஆள் குடியிருக்கும் வீட்டுக்குள் சொல்லாமல் நுழைவது முறையில்லை.

ஒரு குற்றம் செய்துவிட்டேன். சுவரில் ஓர் ஆணி அடித்திருக்கிறேன். நீங்கள் விட்டுவிட்டுப் போன நீலச் சட்டை அதில் தொங்குகிறது. வந்தால் எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். வராவிட்டால் வாடகை மாதா மாதம் வரும்.

இப்படிக்கு,
உங்கள் வாடகைக்காரி
சுதர்சினி