உயிலில் விட்டுப்போன படிக்கட்டு

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

சின்னு எழுதுவது. நானும் மகளும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அத்தானின் இருமல் நின்றதா?

நம் வீட்டு மேல்தளத்துக்கு ஆள் கிடைத்துவிட்டது. வாங்குகிறவர் பல் மருத்துவர். மேலே மருத்துவமனை வைக்கப்போகிறார். அந்தப் பணத்தில் இங்கே இரண்டு அறை உள்ள ஒரு வீட்டை முடித்துவிடலாம் என்று முன்பணமும் கொடுத்துவிட்டேன். மீதியை அடுத்த மாதக் கடைசிக்குள் கட்டியாக வேண்டும். தவறினால் முன்பணமும் போச்சு, வீடும் போச்சு. இப்போதிருக்கும் வாடகை வீட்டையும் வீட்டுக்காரர் காலிசெய்யச் சொல்லிவிட்டார்.

ஒரே ஒரு சிக்கல். அப்பா யாரையும் கேட்காமல் தானே எழுதிய உயிலில் கீழ்த்தளம் பெரியவளுக்கு, மேல்தளம் சின்னவளுக்கு என்று எழுதினாரே தவிர, படிக்கட்டு யாருக்கு என்று எழுதவில்லை. அது உன் கூடத்துக்குள்ளிருந்து கிளம்புவதால் உன்னுடையதாகிறதாம். "வாங்கிட்டு நான் என்ன, ஏணி வெச்சா ஏறுறது?" என்று கேட்கிறார் பல் மருத்துவர். வழி உரிமைப் பத்திரம் ஒன்றில் நீ கையெழுத்துப் போட வேண்டும். வாய்வார்த்தை செல்லாது, எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறார் வக்கீல். பத்திரத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன்.

உன்,
சின்னு


பிப்ரவரி 12

என் செல்லச் சின்னுவுக்கு,

கடவுள் உன்னையும் குழந்தையையும் ஒரு குறையுமில்லாமல் வைத்திருக்கட்டும். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. அத்தான் இருமலை நிறுத்திவிட்டுக் குறட்டையை ஆரம்பித்திருக்கிறார்.

பத்திரம் வந்தது. நான் படித்தது எட்டாவதுதான் என்றாலும், நூலகத்திலிருந்து சொத்துச் சட்டப் புத்தகம் ஒன்றை எடுத்துவந்து சொல் சொல்லாகப் பார்த்தேன். "வாங்குபவரும் அவரைச் சார்ந்தோரும் எந்நேரமும்" ஏறி இறங்கலாம் என்று இருக்கிறது. ஊரிலுள்ள பல்வலிக்காரர்கள் எல்லாரும் அவரைச் சார்ந்தோர் ஆகிவிட மாட்டார்களா? என் பிரார்த்தனை அறை படிக்கட்டை ஒட்டி இருப்பது உனக்குத் தெரியும். நான் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும்போது ஒருவர் கன்னத்தைப் பிடித்து முனகிக்கொண்டே ஏறினால், கடவுள் என் குரலைக் கேட்பாரா, அவர் குரலைக் கேட்பாரா? எந்நேரமும் என்பதெல்லாம் சரிப்படாது.

படிக்கட்டு விளக்கு என் மின்மானியில் ஓடுகிறது. இத்தனை நாள் அதை வீட்டுச் செலவில் எழுதினேன். இனி யார் பெயரில் எழுதுவது? கேட்டுத் திருத்தி அனுப்பு. அவசரக் கையெழுத்து எனக்குப் பிடிக்காது.

மாடியில் குடியிருந்தவர்கள் போனதிலிருந்து வாரம் ஒருமுறை நானே ஏறிப் பெருக்கிவிட்டு வருகிறேன். பூட்டிக் கிடந்தால் வீடு நாறும்.

ஆசிகளுடன்,
அக்கா


பிப்ரவரி 21

அன்புள்ள அக்கா,

முழங்காலை வைத்துக்கொண்டு ஏன் ஏறுகிறாய்? வாங்குகிறவர் பெருக்கிக்கொள்வார்.

நீ சொன்னபடி எல்லாம் திருத்தியாயிற்று. காலை ஒன்பதுக்கு முன் நோயாளிகள் யாரும் வர மாட்டார்கள். படிக்கட்டு விளக்கைத் தன் மின்மானிக்கு மாற்றிக்கொள்கிறார். "உங்க அக்கா வக்கீலா?" என்று கேட்டார். இல்லை, வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் என்றேன். "அப்ப வக்கீலே தேவலாம்" என்று சிரித்தார். நல்ல மனிதர்தான்.

புதுப் பத்திரம் இத்துடன் இருக்கிறது. நாள் குறைவு. இந்தத் தடவை போட்டுவிடு.

சின்னு


மார்ச் 2

செல்லச் சின்னுவுக்கு,

நலம். கடவுள் துணை.

புதுப் பத்திரத்தையும் படித்தேன். "நிரந்தரமாக" என்று ஒரு சொல் இருக்கிறது. புத்தகத்தில் பார்த்தால், அப்படிக் கொடுத்ததைப் பிறகு திரும்ப வாங்க முடியாதாம். நீ விற்றுவிட்டால் இந்த வீட்டில் உனக்கு ஒரு செங்கல்கூட இருக்காது. அதை யோசித்தாயா? விற்காமல் மறுபடி வாடகைக்கு விட்டால் என்ன? பல் மருத்துவரே வாடகைக்கு இருக்கட்டுமே.

அத்தானின் கண்ணாடிக்கும் கால் உடைந்துவிட்டது. அவர் படித்துப் பார்க்காமல் நான் எப்படிப் போடுவது? நீ நேரில் வா. உட்கார்ந்து பேசலாம். போனில் பேசினால் சொல்ல வந்தது எனக்கு மறந்துவிடும்.

அக்கா


மார்ச் 9

அக்கா,

நேற்று அத்தானுக்குப் போன் செய்தேன். "கண்ணாடிக்கு ஒன்னும் ஆகலம்மா. பத்திரத்துலயும் ஒரு குறையும் இல்ல. தினமும் எடுத்துப் படிக்கிறா, மடிச்சு வெச்சிடறா. கையெழுத்துப் போட்டுட்டா இனி சின்னு எதுக்கு இங்க வரப்போறான்னு என்னைக் கேக்கறா" என்றார்.

என்னிடம் கேட்டிருக்கலாம். ஐந்து வருடமாக நான் வரவில்லைதான். மாடியில் குடித்தனம் இருந்தது. வந்தால் எங்கே தங்குவது? கீழே வந்து தங்கு என்று நீ ஒரு கடிதத்திலாவது எழுதியிருக்கிறாயா என்று நேற்று எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தேன். குழாய் மாற்றியது இருக்கிறது, வெள்ளையடித்தது இருக்கிறது, வா என்று மட்டும் இல்லை. விடுதியில் அறை எடுத்து, பிறந்த வீட்டை எட்டிப் பார்த்துவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை.

வாடகைக்கு விட்டால் வீடு வாங்கப் பணம் ஏது? கையெழுத்துப் போடுவதும் போடாததும் உன் இஷ்டம். இனி கேட்க மாட்டேன்.

சின்னு


மார்ச் 17

சின்னு,

உன் கடிதம் வந்தபிறகு இரண்டு நாள் நான் அத்தானோடு பேசவில்லை. காட்டிக்கொடுத்ததற்குத் தண்டனை. அவர் நிம்மதியாக இருந்ததாகச் சொல்கிறார்.

நேற்று பதிவு அலுவலகத்துக்குப் போனோம். பல் மருத்துவர் முன்னாலேயே வந்திருந்தார். நான் நொண்டிக்கொண்டு வருவதைப் பார்த்து எங்கிருந்தோ ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். "நிரந்தரமாக" என்பதை அடிக்கச் சொல்லவில்லை. பதிவான நகல் உன் வக்கீலுக்குப் போய்விட்டது. உன் வீட்டுக்கு இனித் தடை இல்லை. கடவுள் அதில் உன்னை நன்றாக வாழவைக்கட்டும்.

நீ கேட்டது சரிதான், வா என்று நான் எழுதியதில்லை. விருந்தாளியைத்தான் வா என்று அழைப்பார்கள், கூடப் பிறந்தவளை அழைத்தால் அவளுக்குக் கோபம் வரும் என்று நினைத்திருந்தேன். ஒவ்வொரு குடித்தனமும் காலிசெய்தவுடன் மாடியை நான் பெருக்கியது அடுத்த குடித்தனத்துக்காக இல்லை.

பத்திரம் எழுதுபவரிடம் இன்னொரு தாளும் எழுதச் சொன்னேன். "விக்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையேம்மா" என்றார். "எனக்குச் சம்பந்தம் இருக்குங்க, எழுதுங்க" என்றேன். கீழ்த்தளத்தில் படிக்கட்டுக்கு வலப்பக்கம் உள்ள அறையில் என் தங்கை, தன் ஆயுள் உள்ளவரை, விரும்பியபோது வந்து விரும்பும்வரை தங்கலாம் என்று எழுதியிருக்கிறது. வாடகை எவ்வளவு என்று கேட்டார், கிடையாது என்றேன். எந்நேரமும் என்று போடட்டுமா என்று கேட்டார். போடுங்கள், பிரார்த்தனை நேரம் உட்பட என்று சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அதுவும் பதிவாகி எண் விழுந்துவிட்டது. வாய்வார்த்தை செல்லாது என்று எழுதியிருந்தாயே.

அந்த அறையில் அத்தான்தான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கட்டிலோடு கூடத்துக்கு மாற்றியாயிற்று. குழந்தைக்கும் சேர்த்துப் பாய் விரிக்க இடம் இருக்கிறது.

முன்கதவுச் சாவி உறைக்குள் இருக்கிறது. பூட்டு தேய்ந்துவிட்டது, லேசாக மேலே தூக்கித் திருப்பினால்தான் திறக்கும்.

அக்கா