அறுபது பிரதி, கோணலோடு

ஜூன் 3
தங்கச்சியின் பங்க் ராக் இசைக்குழுவில் மூன்று பெண்கள், நாலு ஸ்வரம். மீதியெல்லாம் கத்தல். பாடகி பகலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். "பிரேக் பிரேக்னு கத்திக் கத்திதாண்ணா இந்தக் குரல் வந்துச்சு" என்றாள். சனிக்கிழமை முதல் கச்சேரி. அன்றைக்கே பத்திரிகையும் வருகிறதாம். பெண்களே எழுதி, வெட்டி, ஒட்டி, ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பது. ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் பார்க்கும் அண்ணன் வீட்டிலேயே இருக்கும்போது தங்கச்சி வேறு யாரைக் கேட்பாள்? அறுபது பிரதி.

ஜூன் 5
பக்கங்களைப் பார்த்தேன். கோணல், கோந்துக் கறை, அடித்தல் திருத்தல். சகிக்கவில்லை. எல்லாவற்றையும் டைப் செய்து, ஓரம் சீராக்கி, அறுபதும் எடுத்துவிட்டேன். அசத்தல்.

ஜூன் 6
அசத்தலாம். "இது எங்க பத்திரிகையா, கரண்ட் ஆபீஸ் நோட்டீஸாடா?" என்றாள் தங்கச்சி. "பஸ்ல ஒருத்தன் இடிச்சதை ஒருத்தி கை நடுங்க நடுங்க எழுதியிருந்தா. நீ அந்த நடுக்கத்தையே தொடச்சிட்ட."
கறைதானே என்று நினைத்தேன் - முட்டாள். அறுபதையும் மறுபடி எடுத்தேன். கோணலோடு.

ஜூன் 7
"ஆம்பளைங்கல்லாம் பின்னாடி போங்க, பொண்ணுங்க முன்னாடி வாங்க" என்றாள் பாடகி மைக்கில். நான் சவுண்ட் பெட்டியோடு சுவரில் ஒட்டிக்கொண்டேன். அம்மா கைப்பையை என்னிடம் திணித்துவிட்டு முன்வரிசைக்குப் போனாள். குதித்தாள். அம்மாவுக்குக் குதிக்கத் தெரியும் என்பது எனக்கு இருபத்தாறு வருஷமாகத் தெரியாது.

ஜூன் 8
கச்சேரி நடந்த கூடத்தைப் பெருக்கப் போனோம். தரையில் பதினோரு பிரதி, மிதிபட்டு. "எவளும் படிக்கல. இதோட நிறுத்திக்கலாம்" என்றாள் தங்கச்சி. வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்துவிட்டாள்.

ஜூன் 12
இன்னும் படுக்கைதான். கிடாரில் தூசி.

ஜூன் 19
ஒரு காப்பீட்டு அலுவலகம். மெஷினில் தாள் சிக்கிவிட்டதாம். போனால், இரண்டு பெண்கள் மறித்துக்கொண்டு நின்றார்கள்: "நாங்களே எடுத்துக்கறோம் சார்."
ஒதுங்கச் சொல்லி மூடியைத் திறந்தேன். உருளையில் சுருண்டு கிடந்தது எங்கள் பத்திரிகையின் பஸ் பக்கம். ஓரத்தில் புதிதாக வேறொரு கையெழுத்து: "எனக்கும் அதே பஸ்தான். நான் குடையால குத்தினேன்."
"ஆபீஸ் சர்க்குலர்" என்றாள் ஒருத்தி, முகம் மாறாமல்.
"எத்தனை வேணும்?"
"நாப்பது. மாடியிலயும் கேக்கறாங்க."
உருளையைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, மேனேஜர் வருகிறாரா என்று கதவருகே காவல் நின்றேன்.
வீட்டில் அந்தக் குடைக் குத்து வரைக்கும்தான் சொன்னேன். தங்கச்சி எழுந்து கத்தரிக்கோலைத் தேடிப் போய்விட்டாள். அடுத்த இதழில் ஒட்ட வெட்டி வெட்டி, இப்போது என் சர்வீஸ் கையேட்டில் ஒரு படம்கூட மிச்சமில்லை.