ராஜா பேர் இல்லாத தீனார்

1926 மார்ச் 4, மீனாட்சிபுரம்

புதுக் கிணற்றுக்கு இன்று மண் வெட்டத் தொடங்கினோம். முழங்கால் ஆழத்திலேயே, கூலிக்கு வந்த பெரியமுத்துவின் மண்வெட்டியில் ஒரு பொற்காசு. மடியில் முடிந்துகொண்டு போயிருந்தால் யாருக்குத் தெரியும்? நேராக வந்து வாசலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றான். இரண்டு பக்கமும் எழுத்து. அரபி போலிருக்கிறது.

மார்ச் 5

அண்ணன் வந்தார். என் வீட்டுக்காரர் காலமான பிறகு என் பூமியைப் பார்த்துக்கொள்வது அண்ணன்தான்.

"சாயபுமாரு காசு அம்மிணி. நாளைக்கு ஆராச்சும் வந்து எங்க பாட்டன் பூமின்னு கேசு போட்டா? உருக்கிப் போடு."

"என்ன எழுதியிருக்குதுன்னு தெரியாம உருக்க மாட்டேனுங்கண்ணா."

சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். போகட்டும்.

மார்ச் 8

வண்டி கட்டிக்கொண்டு புதுநகரம் போனேன். பள்ளிவாசலில் ஓதிக்கொடுக்கும் மீரான் ராவுத்தர் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"புள்ளி வைக்காத பழைய எழுத்தும்மா. இருங்க… அல்லாவின் பேரால், இந்தத் தீனார் நூத்தி அஞ்சாம் வருசம் அடிச்சது."

அவர்களுடைய ஹிஜ்ரி கணக்கில் நூற்றைந்து. அப்படியென்றால் அடித்து ஆயிரத்து இருநூறு வருஷம்!

"எந்த ராஜா அடிச்சதுங்க?"

"ராஜா பேரே இல்லம்மா. ஆண்டவன் ஒருத்தன், அவனுக்கு இணையில்லை. அவ்வளவுதான்."

ராஜாவின் முகமும் இல்லை, பேரும் இல்லை. இதையா உருக்குவது?

மார்ச் 9

உருக்குவதற்கு அண்ணன் ஆசாரியைக் கூட்டி வந்தார். காசை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டேன். எடுங்கள் பார்ப்போம்!

மார்ச் 15

சர்க்காரிடமே ஒப்படைத்துவிட்டால் யாரும் உருக்க முடியாதென்று, நானே தாலுகா கச்சேரிக்குக் கொண்டுபோனேன். 'பழைய பொன் துண்டு ஒன்று. கண்டெடுத்தவர் நிலச் சொந்தக்காரி முத்தாத்தாள்' என்று எழுதி, கையெழுத்துப் போடச் சொன்னார் குமாஸ்தா.

"துண்டு இல்லீங்க, காசு. அதுல இருக்கற எழுத்தையும் எழுதுங்க. கண்டெடுத்தது நானில்லீங்க, பெரியமுத்து."

"கூலிக்காரன்டெ பேரு எந்தினா?" கூலிக்காரன் பேர் எதற்கென்று மலையாளத்தில் கேட்டார்.

"அப்ப கையெழுத்து இல்லீங்க."

மத்தியானம் வரை நின்றேன். கால் கடுத்தது. எழுதினார்கள் — வருஷம், வாசகம், பெரியமுத்து, எல்லாம்.

மார்ச் 16

இனி என் ஊட்டுப் படி மிதிக்க மாட்டாராம் அண்ணன். உழவு பார்க்க எனக்குத் தெரியாதா என்ன?

ஆகஸ்டு 2

தபால்காரர் வந்தார். "பெரியமுத்துவுக்குக் கடுதாசிங்க. அந்தத் தெருவுக்கு நான் போறதில்லீங்க. நீங்களே வாங்கிக்கங்க."

"மேல எழுதியிருக்கறது ஆரு பேரு? அங்கயே கொண்டுபோய்க் குடுங்க."

கூடவே நானும் நடந்தேன். தீனாரைச் சர்க்கார் காட்சிசாலையில் வைக்கப்போகிறார்களாம். கண்டெடுத்தவர் என்று பெரியமுத்துவின் பெயரும் பதிவாகியிருக்கிறது. படித்துக் காட்டினேன். தெருவே கூடிவிட்டது.

"இதுல எம் பேரு எதுங்க?"

விரல் வைத்துக் காட்டினேன். பெரியமுத்து அதன்மேல் தன் விரலை வைத்து வெகுநேரம் எடுக்கவில்லை.