எப்போது இறக்கி வைக்க வேண்டும், முத்தக்கா?

என் உயிரான முத்தக்காவுக்கு,

நீ போன தை மாதமே எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. நினைவஞ்சலி நோட்டீஸில் போட நாலு வரி கேட்டார்கள். என்னால் ஒரு வரி கூட எழுத முடியவில்லை. இப்போது ஆடி. இப்போதும் தெம்பு வந்து எழுதவில்லை. கேட்பதற்கு உன்னை விட்டால் ஆள் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். காலேஜில் பரீட்சை எழுதிய அட்டையைத் தொடையில் வைத்து, சாய்ந்து உட்கார்ந்தபடி எழுதுகிறேன். குனிய முடியாது. என் ரவிக்கைக்குள், நெஞ்சோடு நெஞ்சாக, உன் மகள் இருக்கிறாள்.

ஆமாம் அக்கா, நீ பெரியம்மா ஆகிவிட்டாய். இவள் வயிற்றில் தங்கியிருக்கிறாள் என்று தெரிந்ததே உன் காரியமெல்லாம் முடிந்த பிறகுதான். புரட்டாசியில் வர வேண்டியவள், என்ன அவசரமோ, ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டத்தில் ஊரே அடைத்துக் கிடந்த அன்று வந்துவிட்டாள். ஒன்றரைக் கிலோ கூட இல்லை. தோலுக்குள்ளே நரம்பு தெரிகிறது. காது மடித்தால் மடித்தபடியே நிற்கிறது. குறை மாசப் பிள்ளைகளின் காது இப்படித்தான் என்று தீபாவளிக்கு வந்திருந்தபோது நீ சொல்லியிருக்கிறாய். அப்போது நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன், பாதிதான் கேட்டேன்.

நர்ஸிங் ஹோம் டாக்டரம்மா நல்லவர். மறைக்காமல் சொன்னார். "மூச்சு நல்லா விடுறா. ஆனா உடம்புல சதை இல்ல, சூடு நிக்காது. பெரிய ஆஸ்பத்திரியில கண்ணாடிப் பெட்டி இருக்கு. ஃபோன்ல கேட்டேன், ஒரு பெட்டிக்கு ரெண்டு குழந்தை கிடக்காம். மூணாவதா வச்சுக்கிடுவாங்க. ஆனா இந்தக் காத்துல, அவ்வளவு தூரம்..." என்றார். சில நாள் அங்கேயே பல்பு வெளிச்சத்தில் வைத்திருந்து, பஞ்சு சுற்றி, பாலைப் பீய்ச்சிச் சங்கில் புகட்டச் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்தோம். மேஜை விளக்கை வளைத்து வைத்தோம். இந்த ஊர் ஆடிக் காற்றுதான் உனக்குத் தெரியுமே. கம்பியும் கம்பியும் உரசி, கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. பல்பு அணைந்தால் பஞ்சை இன்னும் இழுத்துச் சுற்றுவேன்.

ஒரு காலை அத்தை, குளிப்பாட்டுகிற ஆவுடையம்மாளைக் கூட்டி வந்துவிட்டார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை அக்கா. பேத்தி மேலெல்லாம் மாவு மாதிரி ஒட்டிக் கிடக்கிறதே என்ற ஆதங்கம். நான் தடுக்கப் பார்த்தேன். "ஏட்டி, நாங்க வளக்காத புள்ளையா?" என்றார்கள். எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, சாம்பிராணி காட்டிக் கொண்டுவந்து கிடத்தினார்கள். பிள்ளை அசையாமல் தூங்கியது. வீடே சந்தோஷப்பட்டது.

"எவ்வளவு நல்ல புள்ள! அழவே மாட்டேங்கா பாரு" என்றார்கள் அத்தை.

"இப்படி ஒரு பொறுமைசாலிய நான் பாத்ததே இல்லம்மா. யாரு மாதிரி வந்திருக்கா?" என்றாள் ஆவுடையம்மாள்.

"எங்க பக்கந்தான். கோமு வீட்டுல எல்லாவளும் வாயாடில்லா!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் உன் குரல் கேட்டது. 'குறை மாசப் புள்ள அழலைன்னா சந்தோசப்படக் கூடாதுட்டி. குளுந்து போன புள்ளைக்கு அழத் தெம்பு இருக்காது.'

உள்ளங்காலைத் தொட்டேன். மண்பானையின் அடியைத் தொட்ட மாதிரி இருந்தது. உதடு, நாவல்பழம் தின்ற வாயாக இருந்தது.

அந்தத் தீபாவளி உனக்கு நினைவிருக்கிறதா? நீ மதுரை ஆஸ்பத்திரிக் குழந்தைகள் வார்டிலிருந்து லீவில் வந்திருந்தாய். ஏதோ நர்ஸிங் பத்திரிகையில் படித்ததைச் சொல்லாமல் உன்னால் சோறு தின்ன முடியவில்லை. தென் அமெரிக்காவில் ஓர் ஊராம். பெட்டி கொஞ்சம், பிள்ளைகள் நிறைய. ஒரே பெட்டியில் அடுக்கி வைத்து, ஒன்றின் நோய் மற்றதுக்கு ஒட்டிப் போகிறது என்று, பிள்ளையைத் தாயின் நெஞ்சிலேயே கட்டி வைத்துப் பார்க்கிறார்களாம் அங்கே டாக்டர்கள். துணி இல்லாத நெஞ்சில், துணி இல்லாத பிள்ளை. "கங்காரு மாதிரிட்டி! நீ விலங்கியல் பரீட்சைக்குப் படிச்சு மறந்தத நான் வார்டுல செய்யப் போறேன்" என்றாய்.

நாங்கள் நம்பவில்லை. உடனே நீ அடுப்படிக்குப் போய் அம்மிக்குழவியைக் கழுவித் துடைத்து எடுத்து வந்தாய். என் வீட்டுக்காரரை, இவர்களைத்தான், சட்டையைக் கழற்றச் சொல்லி, நெஞ்சில் குழவியை வைத்துத் துண்டால் இறுக்கிக் கட்டினாய். "ஐயோ மதினி, ஐஸா இருக்கு!" என்று இவர்கள் துள்ளியதும், அத்தை முறைத்ததும், நீ அசராமல் முறுக்குக் கடித்துக்கொண்டிருந்ததும் அப்படியே கண்ணில் நிற்கிறது. கொஞ்ச நேரம் கழித்து அவிழ்த்து என் கையில் தந்தாய். குழவி வெதுவெதுவென்று இருந்தது.

"கல்லே சூடாகுது. புள்ள ஆகாதா?" என்றாய்.

அன்று இன்னொன்றும் சொன்னாய். வார்டில் பாதிப் பிள்ளைகளைப் பெட்டியிலும் பாதியைத் தாய் நெஞ்சிலும் வைத்து, யாருக்குச் சூடு நிற்கிறது, யாருக்கு எடை ஏறுகிறது என்று அளந்து பார்க்க அனுமதி கேட்டாய். மேலே இருந்தவர், "சிஸ்டர், இதெல்லாம் பெட்டி வாங்க வக்கில்லாத நாட்டு வைத்தியம்" என்றாராம். "நம்ம நாட்டுல மட்டும் பெட்டி கொட்டியா கிடக்கு?" என்று எங்களிடம்தான் கேட்டாய், அவரிடம் கேட்கவில்லை. "ராத்திரி பகலா புள்ள பக்கத்துல நிக்கவ நானு. நான் பாக்கத நான் அளந்து எழுதினா என்ன குத்தம்?" என்றபோது உன் கண் கலங்கியிருந்தது. மறுபடி கேட்பேன் என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாய். அதற்குள் வார்டில் ஏதோ ஓர் ஊசி உன் விரலில் ஏறி, மஞ்சள்காமாலை வந்து...

சரி. அதை எழுதினால் அழுவேன். அழுதால் நெஞ்சு குலுங்கும், இவள் முழித்துக்கொள்வாள்.

அன்று காலை நான் யாரையும் கேட்கவில்லை, அக்கா. சுற்றியிருந்ததையெல்லாம் உருவி எறிந்தேன். ரவிக்கையை அவிழ்த்துப் பிள்ளையை நெஞ்சில் நேராக ஒட்ட வைத்து, தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, மூக்கு மூடாமல் பார்த்து, இவர்களுடைய துண்டால் இறுக்கிக் கட்டினேன். "ஏட்டி கோமு, என்ன கோலம் இது? புத்தி பேதலிச்சுப் போச்சா? பஞ்சு மெத்த இருக்கும்போது எலும்புல போட்டு அமுக்குதியே!" என்று அத்தை கத்தினார்கள். நான் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். குளிர் என் நெஞ்சுக்குள் இறங்கியது. வெகு நேரம் அது மட்டும்தான் தெரிந்தது. பிறகு பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். அழுதாள் அக்கா! நல்ல பிள்ளை என்ற பேரைக் கெடுத்துக்கொண்டு அழுதாள்.

அவிழ்க்காமலே டாக்டரம்மாவிடம் போனோம். சூடு பார்த்தார். "எனக்கு இந்த முறை பழக்கமில்ல. ஆனா சூடு சரியா இருக்கு. பாலை நிறுத்தாதீங்க. குளிப்பாட்டக் கூடாது. நீலம் தட்டினா உடனே தூக்கிட்டு வாங்க" என்றார். யார் சொல்லித் தந்தது என்று கேட்டார். உன் பெயரைச் சொன்னேன். "அவங்கள நான் பாக்கணுமே" என்றார்.

அன்றிலிருந்து கட்டிக்கொண்டே இருக்கிறேன். உண்பது இப்படி, உறங்குவது இப்படி. உறக்கம் என்றா சொன்னேன்? கண் சொருகும், திடுக்கென்று முழித்து மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பேன். நான் குளிக்கப் போகவாவது ஒரு நெஞ்சு வேண்டுமே என்று இவர்கள் லீவு போட்டுவிட்டு முன்வந்தார்கள். தீட்டுக் கழியவில்லை, ஆம்பிளை தொடக் கூடாது என்று அத்தை குறுக்கே நின்றார்கள். இவர்கள் சட்டையைக் கழற்றினார்கள். காப்பி குடித்த தம்ளரைக் கூட எடுத்து வைக்காத மனிதர், அக்கா!

நாற்காலியில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டு அண்ணாச்சி வாசலிலேயே நின்று சிரித்தார். "என்னவே சங்கரலிங்கம், பேறுகாலம் உமக்கா? சொல்லவே இல்லையே!"

"ஆமா அண்ணாச்சி. பத்தியக் கறி இருக்கு, நீரும் ஒரு வாய் சாப்பிட்டுப் போரும்."

"நல்லா இருக்குவே! தாலுகா ஆபீஸ்ல உம்மள என்னன்னு கூப்பிட? அண்ணன்னா, மதினின்னா?"

"எப்படியும் கூப்பிடும். சத்தம் போடாம கூப்பிடும், இப்பந்தான் கண் அசந்தா."

போர்வையை விலக்கிக் காட்டினார்கள். நெஞ்சு மயிரை ஒரு சின்ன விரல் சுற்றிப் பிடித்திருந்தது. அண்ணாச்சி அப்புறம் சிரிக்கவில்லை. துண்டைத் தோளிலிருந்து எடுத்துக்கொண்டு மெல்லப் போய்விட்டார்.

இதையெல்லாம் கேட்டு நீ ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. நேற்று விளக்கு வைக்கிற நேரம், என் நெஞ்சில் அசைவு நின்றது. குனிந்து பார்த்தால் உதட்டில் மறுபடி அந்த நாவல்பழம். நான் கத்தினேனா என்று தெரியவில்லை. அத்தைதான் ஓடி வந்து உள்ளங்காலில் சுண்டினார்கள். ஒரு தடவை. இன்னொரு தடவை. ஒரு இழுப்பு இழுத்து மூச்சு வந்தது. அப்படியே டாக்டரம்மாவிடம் ஓடினோம். வழியெல்லாம் மூக்கிலிருந்து விரலை எடுக்கவில்லை. வெகு நேரம் உட்கார வைத்துப் பார்த்தார். "மாசம் முந்திப் பிறந்ததுக சில நேரம் மூச்சு விட மறந்துரும். நெஞ்சுலயே இருக்கட்டும். இன்னொரு தடவை நின்னா யோசிக்கவே கூடாது, பெரிய ஆஸ்பத்திரிதான்" என்றார். அண்ணாச்சி இன்று ஒரு காரைக் கொண்டுவந்து எங்கள் வாசலிலேயே நிறுத்தச் சொல்லியிருக்கிறார்.

மறந்துவிடுமாம் அக்கா. மூச்சை! கல் சூடாகும் என்று காட்டினாயே, கல் மூச்சு விட மறக்காது, பிள்ளை மறக்கும் என்று ஏன் சொல்லவில்லை? நான் கண் அசரும்போது இவள் மறந்தால் யார் ஞாபகப்படுத்துவது? இன்னும் எவ்வளவு நாள்? எவ்வளவு எடை வந்தால் போதும்? எப்போது இறக்கி வைக்க வேண்டும்? கட்டுவதற்குச் சொல்லித் தந்தாய். அவிழ்ப்பதற்குச் சொல்லித் தராமல் போய்விட்டாயே. அந்தப் பத்திரிகையில் அது எழுதியிருந்ததா? நான் வெண்டைக்காயை வைத்துவிட்டுக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயா?

இன்று காலை ஆவுடையம்மாள் வாசலில் வந்து நின்றாள். அத்தை உள்ளே விடவில்லை. "எங்க புள்ளைக்கு இப்ப தண்ணி கிடையாது, போயிட்டுப் பொறவு வா" என்றார்கள். "தண்ணி படாத புள்ள நாறிப் போகாதாம்மா?" என்றாள் அவள். "நாறினா நாறட்டும். எங்களுக்கு மணக்கும்!" என்று கதவைச் சாத்தினார்கள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார்கள். "உங்க அக்காவுக்குப் புள்ளன்னா உசுரு. கல்யாணமும் முடிக்காம, ஆசையோட போனவ. ஒருவேள அவதான் இவள அங்க கூப்பிடுதாளோ..." அதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே இவள் காலை உதைக்கிறாள். இதுவரை உதைத்ததில்லை. முழங்காலை மடக்கி என் விலாவில் மிதித்து, மேலே ஏறப் பார்க்கிறாள். முகம் சிவந்து ஒரே கத்தல். பசியா? இப்போதுதானே சங்கில் குடித்தாள். வலிப்பா? இல்லை, போதும், வெளியே விடு என்கிறாளா? நீ இருந்தால் ஒரு ட்ரங்க் கால் போட்டுக் கேட்பேன். நீயும் "அட கிறுக்கி" என்று தொடங்குவாய்.

முத்தக்கா, உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இவளாக மிதித்து இறங்குகிற வரைக்கும் நானாக இறக்கி வைக்க மாட்டேன். நான் இல்லாத நேரம் இவர்கள் நெஞ்சு, இவர்களும் இல்லாவிட்டால் அத்தை நெஞ்சு. இறங்கிய பிறகு இவளைத் தூக்கிக்கொண்டு உன் வார்டுக்கு வந்து, உனக்கு அனுமதி தராதவர் முன்னால் நிறுத்துவேன். அளந்து பார்த்துக்கொள்ளட்டும்.

இறங்குகிற அன்றைக்குத்தான் இவளுக்கு உன் பெயர். அதுவரை 'முத்து' என்று எங்கே யார் கூப்பிட்டாலும் நீ மட்டும் திரும்பிப் பார். நீ இவளைக் கூப்பிட்டுவிடாதே அக்கா. ஆசையாக இருந்தாலும் கூப்பிடாதே. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

நீ கட்டச் சொன்ன கட்டை அவிழ்க்காமல் உட்கார்ந்திருக்கும்
உன் தங்கச்சி,
கோமு
சங்கரன்கோவில்