தரையில் வைத்த ஹெல்மெட்

டார்லீனுக்கு,

நீ உன் அக்கா வீட்டுக்குப் போய் ஐந்து மாதமாகிறது. கடை நன்றாக ஓடுகிறது. தேங்கிக் கிடந்த டயர்களைக்கூட விற்றுத் தள்ளிவிட்டேன்.

ஞாயிறன்று பைக்கில் போகும்போது நெப்ராஸ்காவில் ஆலங்கட்டி மழை. பாலத்தடியில் ஒதுங்கி மழைக்கோட்டை மாட்டும்போது, மறதியாக ஹெல்மெட்டை வண்டிக்குப் பின்னால் தரையில் வைத்துவிட்டேன். பைக் ஓட்டுகிறவர்களுக்கு அது உதவி கேட்கும் அடையாளம். முன்பின் தெரியாத மூன்று பேர் நனைந்தபடி வண்டியை நிறுத்தினார்கள்.

"என்ன பெரிசு, வண்டியும் உன்னை மாதிரியே படுத்துடுச்சா?" என்றாள் ஒருத்தி.

வண்டிக்கு ஒன்றுமில்லை. ஆனாலும், "பிளக் நனைஞ்சிருச்சு" என்றேன். அரை மணி நேரம் கழற்றித் துடைத்தார்கள். காபி கொடுத்தார்கள், கிண்டலடித்தார்கள்.

"வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லிடவா?" என்று கேட்டாள் அவள்.

"வேணாம். அவ தூங்குவா."

அப்போது மத்தியானம் இரண்டு மணி.

அடுத்த தடவை யாராவது கேட்டால் என்ன சொல்லட்டும்?

இன்னும் உன்
வீட்டுக்காரன்