நொமிலே பள்ளிக்கூடம்

9 அக்டோபர் 2007, செவ்வாய்

காலையில இருந்து மூட்டம். எதிர்க் கடை போர்டு கூட தெரியல. செவ்வாய்க்கெழம, நம்ம சலூன் பூட்டு.

ஒண்ண ஒத்துக்கணும். வாசிகசாலையில பேர் பதியிற பெரிய புத்தகத்துல இன்னைக்கி நான் எழுதுனது: பேர் கௌரி. வயசு 14. ஒன்பதாம் ஆண்டு. கீழ கையெழுத்து வேற. கம்பியூட்டர் பள்ளிக்கூட புள்ளைங்களுக்கு மட்டும்தான் சும்மா குடுப்பாங்களாம். பெரியாளுங்களுக்கு ஏலாதாம். நான் படிச்சது அஞ்சு. ஒரே கையெழுத்துல நாலு வகுப்பு ஏறிட்டேன்.

கம்பியூட்டர பாத்துக்கிற நிலூக்கா சிங்களப் புள்ள. தமிழ் நல்லா பேசும், எழுத்துதான் தெரியாது. எழுதுனத என்னையே வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டு, புத்தகத்தையும் என் மண்டையையும் மாறி மாறி பாத்துச்சு.

“மாமா, கௌரி நங்கிக்கு இந்த வயசுலயே வழுக்கையா?”

“பரம்பர வியாதி நங்கி. எங்கப்பாவுக்கும் இருந்துச்சு.”

நங்கின்னா தங்கச்சி. சிரிச்சுக்கிட்டே கதிரைய இழுத்துப் போட்டுச்சு. நல்ல புள்ள.

விசயம் இதுதான். போன மாசம் மகள் கௌரி பள்ளிக்கூடம் போறப்ப பலகைப் பாலத்துல வழுக்கி விழுந்துருச்சு. கால் எலும்பு முறிஞ்சு, தொடையில இருந்து பாதம் வரைக்கும் மாவுக்கட்டு. புத்தகப் பை கீழ ஓடுற ஓயா ஆத்துத் தண்ணியோட போயிருச்சு. அரசாங்க புத்தகம் வருசத்துக்கு ஒருக்காதான், மிச்சம் இல்லன்னுட்டாங்க. டிசம்பர் வரைக்கும் நடக்கக் கூடாது. நவம்பர்ல மூணாந்தவணை சோதனை. பள்ளிக்கூட அதிபர் சொல்லி அனுப்பிட்டார்: இவ்வளவு நாள் வராத புள்ளைய எழுத விட ஏலாது, அடுத்த வருசமும் ஒன்பதுலயே இருக்கட்டும்.

கௌரி அழுகல. “ஒன்பதுலயே விட்டா இனி போகவே மாட்டேன்ப்பா. சின்னதுங்களோட உக்காருறதுக்கு, கொழும்புல யார் வீட்டுக்காவது வேலைக்குப் போறேன்”னுச்சு. சுவரப் பாத்துத்தான் சொல்லிச்சு. அதுலயிருந்து அந்த சுவரத்தான் பாத்துக்கிட்டு கெடக்கு.

இத நிலூக்காகிட்ட சொன்னப்பதான் ஒரு அதிசயம் சொல்லிச்சு. வெளிநாட்டுல சில குடும்பம் புள்ளைங்கள பள்ளிக்கூடத்துக்கே அனுப்புறதில்லையாம். வீட்டுலயே பாடம். பாடமெல்லாம் இண்டர்நெட்ல கெடக்காம், நொமிலே. நொமிலேன்னா சும்மா, காசில்லாம.

“ஏன், அங்க எல்லா புள்ளைக்கும் கால் ஒடஞ்சிருச்சா?”

இல்லையாம். ஆசப்பட்டுத்தான் அப்பிடி செய்றாங்களாம்.

வீடு வர்ற வரைக்கும் அதே யோசன. நம்ம புள்ள போகாட்டி ‘இடைவிலகல்’னு எழுதுறாங்க. அவங்க புள்ள போகாட்டி அதுக்கு நல்ல பேரா ஒண்ணு இருக்கு.

வாங்கணும்: பிளேடு, பவுடர், வீட்டுக்காரி சரசுக்கு வெத்தல.

10 புதன்

மத்தியானம் ஆள் இல்ல. சலூன் கதவ சாத்திட்டு ஓடுனேன். நிலூக்கா விஞ்ஞானம் தமிழ்ல தேடி, பிரிண்ட் எடுத்தே வச்சிருந்துச்சு. “மாமா, மே தெமள நேத?”ன்னு காட்டுச்சு. இது தமிழ்தானேன்னு கேக்குது. தூரத்துல பாத்தா தமிழ்தான். கண்ணாடி கொண்டு போகல. தலையாட்டிட்டு வாங்கிட்டு வந்தேன்.

தோட்டத்து லயத்துல வீட்டுக்கு வந்து கௌரி கையில குடுத்தா, கொஞ்ச நேரம் பாத்துச்சு. அப்புறம் குலுங்குது. அழுகுதோன்னு பயந்துட்டேன். சிரிப்பு!

“அப்பா, கொம்பெல்லாம் பின்னால நிக்குதுப்பா!”

நெசந்தான். எழுத்துக்கு முன்னால போட வேண்டிய கொம்ப அந்த கம்பியூட்டர் பின்னால போட்டிருக்கு. வால் பக்கம் கொம்பு மொளச்ச மாடு மாதிரி. கௌரி அத அப்பிடியே சத்தமா வாசிக்குது. தேயிலைக் கொழுந்து எடுத்துட்டு அப்பத்தான் வந்த சரசு எட்டிப் பாத்து, “என்ன புள்ள, அப்பன் மலையாளம் வாங்கியாந்துட்டானா?”ங்குது.

ஒரு மாசத்துக்குப் பொறகு எங்க காம்பரா வீட்டுல சிரிப்பு. பாடம் ஒண்ணும் இல்ல. பரவாயில்ல.

12 வெள்ளி

நிலூக்காவோட கூட்டாளி வந்து கம்பியூட்டருக்கு என்னமோ ஏத்துனான். கொம்பு முன்னால வந்துருச்சு.

இப்ப பாடம் அள்ள அள்ள வருது. படத்தோட. இலை எப்பிடி சாப்பாடு செய்யுது, ரத்தம் எப்பிடி ஓடுது, சந்திரன் ஏன் தேயுது. யாரு பெத்த புள்ளைங்களோ உக்காந்து எழுதி, படம் கீறி, எவனாவது எடுத்துக்கன்னு போட்டு வச்சிருக்காங்க. பேர் கூட போடல சில பேர். நான் ஒரு சேவ் கூட சும்மா செஞ்சு விட்டதில்ல.

வீட்டுல புள்ளைக்கு சொல்லிக் குடுக்கிற அம்மாமாருங்க பேசிக்கிற எடமும் ஒண்ணு இருக்கு. இங்கிலீசு. நிலூக்கா வாசிச்சு சொல்லிச்சு. ஒரு அம்மா புள்ளைக்கு பின்னம் சொல்லிக் குடுக்க ரொட்டி சுடுறாளாம். இன்னொரு அம்மா ஜன்னல்ல வர்ற குருவிய எண்ண விடுறாளாம். நம்ம கௌரியும் ஜன்னலத்தான் பாக்குது, அதுக்குப் பேர் படிப்புன்னு தெரியாம போச்சு.

ஒரு கேள்வி போடச் சொன்னேன்: ஒங்க புள்ளைங்கள வகுப்பு ஏத்துறது யாரு?

13 சனி

காலையில ஆறு தலை. அதுல ஒண்ணு விஞ்ஞான மாஸ்டர். யாழ்ப்பாணத்துக்காரர், சண்டையில ஊருக்குப் பாதை பூட்டுனதுல இருந்து இங்கேயே கெடக்கார், பாவம். சவுக்காரம் போட்டு, கத்தி கழுத்துக்கு வந்ததும் ஆரம்பிச்சேன்.

“ஆடாதீங்க மாஸ்டர். கௌரி விசயம் என்னாச்சு?”

“என்ன நீங்கள், கத்தியை வச்சுக்கொண்டு கேக்கிறியள்!”

“போன வாரம் கத்தி இல்லாம கேட்டேன். வேல நடக்கல.”

“நான் என்ன செய்யிறது? பிள்ளை வகுப்புக்கு வரேல்லை.”

“வகுப்பு வீட்டுக்கு வந்துருச்சு மாஸ்டர். இண்டர்நெட்டுல இருந்து. நீங்க அதிபர்கிட்ட கொஞ்சம் பேசுங்க.”

“அதிபருக்கு நான் பேசுறதோ! என்ர வேலை போயிடும்.”

அப்பிடி என்ன கேட்டுட்டேன்னு முழிச்சேன். அவங்க ஊர்ல பேசுறதுன்னா ஏசுறதாம். கடைசியில “பேச மாட்டன், கதைக்கிறன்”னார். ஆனா முதல்ல பிள்ளைட்ட கேள்வி கேக்க வேணுமாம். அடுத்த ஞாயிறு வீட்டுக்கு வர்றாராம்.

கௌரிகிட்ட சொன்னேன். “எனக்கு ஒண்ணும் வெளங்கலன்னு மாஸ்டர் சொல்லிட்டா?”ன்னு கேட்டுச்சு. அது தலையில பேனுக்கு மருந்து போட்டு விட்டேன்.

15 திங்கள்

மழை. ஆள் கொறவு.

அந்த அம்மாமாருங்ககிட்ட இருந்து பதில் வந்திருக்கு. வகுப்பு ஏத்துறதுக்கு ஆளே இல்லையாம்! ஒரு புத்தகம் முடிஞ்சா அடுத்த புத்தகம், அவ்வளவுதானாம். நிலூக்காவ ரெண்டு தரம் வாசிக்கச் சொன்னேன். அப்ப ஃபெயில்? அதுவும் இல்லையாம். புள்ளைக்கு வெளங்கலன்னா அம்மா இன்னொரு ரொட்டி சுடுவா போல.

நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க ஊர்ல கதவுக்கு ஒரு ஆள் நிக்கிறார்.

கௌரி இலைப் பாடத்த புடிச்சுக்கிட்டு விட மாட்டேங்குது. அதுல செஞ்சு பாக்க ஒண்ணு போட்டிருக்கு. ரெண்டு நாள் செடிய இருட்டுல வைக்கணும். அப்புறம் ஒரு இலையில கருப்புக் காகிதம் ஒட்டி வெயில்ல வைக்கணும். பொறகு இலைய அவிச்சு, ஸ்பிரிட்ல போட்டு பச்சைய எடுத்துட்டு, அயடீன் விடணும். வெயில் பட்ட எடம் கருக்குமாம், மறச்ச எடம் கருக்காதாம். ஸ்பிரிட்டும் அயடீனும் சலூன்லயே இருக்கு. செடிக்கு சரசுவோட ஜெரேனியம். பால்மா டின்ல, இஸ்தோப்புல, அதான் வாசத் திண்ணையில வளக்குது. கேக்காம எடுத்து அலுமாரிக்குள்ள வச்சிட்டோம்.

17 புதன்

சரசு துணி எடுக்க அலுமாரிய தொறந்துருச்சு.

அது சொன்னத எழுத ஏலாது.

19 வெள்ளி

நேத்து மூட்டம், வெயிலே இல்ல, ஒரு இலை வீணாப் போச்சு. இன்னைக்கி காலையில நல்ல வெயில். காகிதத்த என்ன மாதிரி வெட்டணும்னு கேட்டேன். கௌரி கொஞ்சம் யோசிச்சு, “பத்து”ன்னுச்சு.

ஒண்ணும் சைபரும் சின்னதா வெட்டிக் குடுத்தேன். முடி வெட்டுற கத்திரிக்கோல்தான். சாயந்தரம் சுடுதண்ணிச் சட்டிக்குள்ள ஸ்பிரிட் கோப்பைய வச்சு இலைய அவிச்சோம். சரசு மூக்க பொத்திக்கிட்டு நிக்குது. ஆனா போகல. அயடீன் விட்டதும் இலை மெல்ல மெல்ல கருக்குது. நடுவுல 10 மட்டும் வெளுப்பா அப்பிடியே நிக்குது.

மூணு பேரும் தலைய முட்டிக்கிட்டு பாக்குறோம். சரசுதான், “எம் பூச்செடி இலைக்கு எழுதக்கூட தெரியுமா”ன்னுச்சு.

21 ஞாயிறு

மாஸ்டர் வந்தார். கதிரை ஒண்ணுதான், அதுல கௌரி கால். மாஸ்டருக்குக் கட்டில். தேத்தண்ணி, மாரி பிஸ்கட்.

மொத கேள்வி: “ஒளித்தொகுப்பு எண்டால் என்ன? சொல்லும் பாப்பம்.”

கௌரி மொகம் செத்துப்போச்சு. “தெரியாது சேர்.”

“சரி. கலம் எண்டால்?”

“தெரியாது.”

“ஒட்சிசன்?”

கௌரி என்னையப் பாக்குது. நான் சரசுவப் பாக்குறேன். சரசு பிஸ்கட் தட்டப் பாக்குது. மாஸ்டர் கோப்பைய கீழ வச்சிட்டார். “அப்ப இவ்வளவு நாளும் என்ன படிச்சனீர், பிள்ளை?”

பாடத்த கொண்டாந்து குடுத்தது நான். கொம்பு திரும்பி நின்னுச்சுன்னா தெரிஞ்சிருக்கும். இதுல எது திரும்பி நின்னுச்சுன்னே வெளங்கல.

கௌரிக்குக் கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நிக்குது. பிரிண்ட் தாளுங்களுக்கு நடுவுல காய வச்சிருந்த அந்த இலைய எடுத்து நீட்டுச்சு. மாஸ்டர் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தார்.

“உதை, இந்த இலையை, ஆர் செய்தது?”

“நான்தான் சேர்.”

“இந்த இடம் ஏன் கறுக்கேல்லை?”

அப்ப தொடங்குச்சு பாருங்க. வெயில் படல, அதனால ஒளிச்சேர்க்கை நடக்கல, மாவுச்சத்து இல்ல, செல்லுக்குள்ள பச்சையம் இருந்தும் வேல செய்யல, ஆக்ஸிஜன் வெளிய வரலன்னு. மூச்சு விடல புள்ள. மாஸ்டர் தலைய பின்னால சாச்சு சிரிச்சார்.

“ஒளிச்சேர்க்கை! அது இந்தியாவில சொல்லுறது. ஒளிச்சேர்க்கைதான் ஒளித்தொகுப்பு. செல்தான் கலம். ஆக்ஸிஜன்தான் ஒட்சிசன். மாவுச்சத்துத்தான் மாப்பொருள்.”

நாங்க எடுத்த பாடமெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கத்துப் பாடமாம்!

“ரெண்டும் தமிழ்தானே சேர்?”ன்னு கௌரி கேட்டுச்சு.

“தமிழ்தான். ஆனா சோதனைத்தாள் இஞ்சதான் அடிக்கிறது.”

நான் சொன்னேன்: “எங்க பேசுறது ஒங்களுக்கு ஏசுறது மாதிரி.” அதுக்கும் சிரிச்சார்.

இலைய தன்னோட டயரிக்குள்ள வச்சு எடுத்துக்கிட்டுப் போனார். அதிபருக்குக் காட்டுறாராம். சொல்லெல்லாம் மாத்தணும், நாள் கொஞ்சம்தான் இருக்குன்னார். போறப்ப பழைய மாணவர் யாருதோ விஞ்ஞானப் புத்தகம், அட்டை இல்லாதது, குடுத்துட்டுப் போனார்.

பிஸ்கட் ஒண்ணுகூட சாப்பிடல. கூச்சமா, நமுத்துப் போச்சான்னு தெரியல.

22 திங்கள்

கௌரி ரெண்டு நாட்டுச் சொல்லையும் சீட்டு சீட்டா எழுதுது. ஒரு செட் வீட்டுச் சுவருல, அது முந்தி சும்மா பாத்துக்கிட்டு கெடந்த அதே எடத்துல. இன்னொரு செட் எனக்கு. சலூன் கண்ணாடியில ஒட்டச் சொல்லிருச்சு. நான் பாடமாக்கிட்டு சாயந்தரம் அதுகிட்ட கேள்வி கேக்கணுமாம்.

ஒட்டிட்டேன். வர்றவங்களையும் விடுறதில்ல. காதுகிட்ட வெட்டுறப்ப, “தம்பி, செல்லுக்கு என்ன?”

“கைல இருக்குண்ணே, புது ஃபோன்.”

“தப்பு. கலம்.”

லொறி டிரைவர் ஒருத்தர் கோவிச்சுக்கிட்டார். “நான் முடி வெட்ட வந்தேனா, சோதனை எழுத வந்தேனா?” ஆனா போறப்ப வாசல்ல நின்னு, “ஆக்ஸிஜன் ஒட்சிசன், சரியாண்ணே?”ன்னு கேட்டுட்டுத்தான் போனார்.

நிலூக்காகிட்ட போய் நடந்தத சொன்னேன். அதுக்கு பெரிய கவல. “மாமா, எனக்கு எல்லாம் ஒரே தமிழ்தானே.” எனக்கும் அப்பிடித்தான் இருந்துச்சு நங்கின்னேன். இனி பாடத்த எடுத்தா முதல்ல மாஸ்டர் புத்தகத்தோட வச்சுப் பாக்கணும். அத அந்த அம்மாமாருங்களுக்கும் எழுதச் சொல்லியிருக்கேன். அவங்களுக்கும் ஒதவலாம். நமக்கும் சும்மா போட ஒண்ணு கெடச்சுச்சே.

மாஸ்டர்கிட்ட இருந்து சத்தம் இல்ல.

25 வியாழன்

மழை. பத்து மணி போல அதிபர் வந்தார். நாளைக்கி பௌர்ணமி போயா, லீவு. சனிக்கெழம பரிசளிப்பு விழா, பெரிய ஆளுங்க வர்றாங்களாம். முடி, சேவ், மீசைக்கு ஓரம். துண்ட போத்தி உக்கார வச்சேன். கேக்கவும் பயம், கேக்காம இருக்கவும் முடியல. அதனால கம்முனு வெட்டுனேன். நான் கம்முனு வெட்டுறது ஊருக்கே புதுசு.

அதிபர் கண்ணாடியில இருந்த சீட்டெல்லாம் ஒண்ணு ஒண்ணா வாசிச்சார். மேல இருந்து கீழ வரைக்கும். அப்புறம், “மருதமுத்து, ஒங்க மாஸ்டர் ஒரு இலைய கொண்டாந்து என் மேசையில வச்சிட்டுப் போயிட்டாருய்யா”ன்னார்.

“சரிங்க சேர்.”

“ஒவ்வொரு நாளும் குப்பைக் கூடையில போடணும்னு எடுக்கிறேன். பத்துன்னு போட்டிருக்கு. போட முடியல.”

நான் மீசைக்கு வந்துட்டேன்.

“புள்ள எழுதட்டும். கீழ்க் கட்டடத்துல மேசை போடச் சொல்லியிருக்கேன். தூக்கிட்டு வர்றது ஒங்க பொறுப்பு. பாஸ் பண்ணுனா பத்துக்குப் போகும்.”

அந்த நேரம் இடது பக்கத்து மீசை போயிருச்சு. ரெண்டு பக்கமும் சமமா இருக்கட்டும்னு வலது பக்கத்தையும் எடுத்துட்டேன். அதிபர் கண்ணாடியப் பாத்தார். வாய் தெரியிற எடத்துல ‘ஒட்சிசன்’ சீட்டு இருந்துச்சு. அத உரிச்சு என் கையில குடுத்துட்டு மறுபடி பாத்தார். அப்புறம் குடைய எடுத்துக்கிட்டுப் போனார்.