ஐஸ் கட்டாத ஃப்ரீசர்

இன்று காலை ஃப்ரீசரைத் துடைக்கத் திறந்தபோது, நீ வைத்த ஈரல் டப்பாவின் வாடை முகத்தில் அடித்தது. நீ போய்ச் சேர்ந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. வாடை போகவில்லை.

அடுத்த வீட்டில் உன் ஃப்ரிட்ஜ் பழுதானபோது, "ரெண்டே நாளைக்கு, வாத்தியாரே" என்று உன் நாய் துரையின் சாப்பாட்டை இங்கே கொண்டுவந்து வைத்தாய். ரெண்டு நாள் வருஷக்கணக்கானது. எனக்கு மறுத்துச் சொல்ல வராது. ஆகவே என் பங்குக்கு முறையாக நடந்துகொண்டேன். வெந்த ஈரலை நன்றாக ஆறவிட்டு மூடினேன். டப்பாவை ஈரமில்லாமல் துடைத்தேன். கதவு ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, இடுக்கில் காகிதம் செருகி, இழுத்தால் வருகிறதா என்றும் பார்த்தேன். வரவில்லை. கதவு இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் உட்சுவரில் ஐஸ் கட்டியது. என்னிடம்தான் ஏதோ பிசகு என்று நினைத்துக்கொண்டேன்.

பிசகு நீதான். மத்தியானம் வந்து கதவை அகலத் திறந்துபோட்டு, பட்டாளத்துக் கதை எதையாவது ஆரம்பிப்பாய்.

"கதவ மூடுப்பா. வெக்கை உள்ள போயித்தான் ஐஸ் கட்டுது."

"கட்டட்டுமே. நாயக் கண்டா பயம், சரி. ஐஸக் கண்டுமா ஒனக்குப் பயம்?"

பிறகு மரக்கரண்டியால் அதைச் சுரண்டி வாசலுக்கு எடுத்துப்போவாய். துரைக்குப் பயந்து நான் எட்டிப் பார்த்ததில்லை.

நீ போன பிறகு ஐஸ் கட்டவில்லை. கதவைத் திறக்க ஆளில்லை. இத்தனை காலம் கேட்டது கிடைத்தும், அதில் ஒன்றும் இல்லை.

துரையை உன் மகள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போனாள். போன வாரம் ஆட்டோவில் திரும்பக் கொண்டுவந்தாள். விலா எலும்பெல்லாம் தெரிந்தது.

"ஒண்ணுமே திங்க மாட்டேங்கான், மாமா. டாக்டர் நோயி ஒண்ணுமில்லைங்காரு. இப்படியே விட்டா செத்துருவான். பழகுன எடத்துல கொஞ்ச நாள் இருந்து பாக்கட்டும்."

ஈரலை நறுக்கித் தட்டில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். துரை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. மத்தியானம் அதுவாக உள்ளே வந்து ஃப்ரீசர் முன்னால் உட்கார்ந்தது. திறந்தேன். டப்பாவைப் பார்க்கவில்லை, ஐஸ் இல்லாத உட்சுவரையே அண்ணாந்து பார்த்தது. நீ சுரண்டியதெல்லாம் எங்கே போனது என்று அப்போதுதான் புரிந்தது. ட்ரேயில் உறைந்த ஐஸ் கட்டி ஒன்றைத் தட்டில் போட்டேன். உருண்டு போனது; துரை தொடவில்லை.

சுவரில் ஐஸ் கட்டட்டும் என்று, இதுவரை தவிர்த்துவந்ததையெல்லாம் வரிசையாகச் செய்தேன். டப்பாவை ஈரத்தோடு வைத்தேன். வெந்நீர்க் கிண்ணத்தை மூடாமல் உள்ளே வைத்தேன். கதவைத் திறந்துபோட்டு நின்றேன். சொல்ல எனக்குப் பட்டாளத்துக் கதை கிடையாது. முழங்கால் வலிக்கும்வரை சும்மாதான் நின்றேன்.

மறுநாள் சுவரில் ஐஸ் வெள்ளையாகப் படிந்திருந்தது. சுரண்டியபோது கரண்டியில் நிற்காமல் உதிர்ந்ததால், உள்ளங்கையில் ஏந்தி நீட்டினேன். கண்ணை மூடிக்கொண்டேன். கை முழுக்க நக்கியது. பிறகு தட்டின் பக்கம் போனது.

இங்கேயே இருக்கட்டும் என்று உன் மகளிடம் சொல்லிவிட்டேன். சொன்னது சரிதானா என்று தெரியவில்லை. இந்த வயதில் இது அதிகப்படி, சாயங்காலத்துக்குள் களைத்துவிடுகிறேன். நாய் என்றால் இன்னும் பயம்தான். கையை மட்டும் பின்னால் இழுப்பதில்லை.